நாளைக்கு விதானையார்

அவருடைய சட்டைப்பையில் காகிதமோ பென்சிலோ ஒருநாளும் இருந்ததில்லை. பன் என்கிற கோரைப்புல் துண்டுகள்தான் இருக்கும். வாவிக்கரையில் வெட்டிக் காயவைத்து எங்கள் பெண்கள் பாய் இழைக்கிற அதே பன். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய பத்துப் பன்னிரண்டு துண்டுகளை எந்நேரமும் வைத்திருப்பார். யாராவது முறைப்பாட்டோடு வந்து வாயைத் திறந்தால் வலக்கையை உயர்த்தி நிறுத்துவார். ஒரு துண்டை எடுத்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு நீட்டுவார்.

"இத வச்சிக்கங்க. நாளைக்குக் காலம கொண்டு வாங்க, கேக்கிறன்."

அதற்கு மேல் ஒரு சொல் கேட்க மாட்டார். அழுதாலும் கேட்க மாட்டார். மறுநாள் முடிச்சு அவிழாமல் வந்தால் ஆறுதலாக இருந்து எல்லாம் கேட்பார். வராவிட்டால் அந்தச் சங்கதி அதோடு முடிந்தது. பாதிக்கு மேல் வராது. ஊரில் அவருக்கு 'நாளைக்கு விதானையார்' என்று பெயர். அதைச் சொன்னால் அவரும் சிரிப்பார்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்வெளியை வட்டை என்போம். ஒவ்வொரு வட்டைக்கும் காணிக்காரர்கள் கூடி ஒருவரைத் தெரிந்தெடுப்பார்கள். அவர்தான் வட்டை விதானை. வேலியைப் பார்ப்பது, தண்ணீர் முறை பிரிப்பது, பயிருக்குள் இறங்கிய மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பது, சின்னக் களவு சண்டைகளை விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கையை மீறினால் ஆளைக் கட்டித் தோணியில் ஏற்றிப் பட்டணத்துப் பொலிசில் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் சட்டம் என்றால் அந்த ஒரு மனிதர்தான்.

இருபது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகன். அடுத்த மாதக் கூட்டத்தில் வட்டை விதானைக்கு நிற்கப்போகிறானாம். நிற்கிறவர்கள் என்ன செய்ய நினைக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் அரசாங்கக் காரியாதிகாரி கந்தோருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தான் எழுதியதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"அம்மா, இத வடிவாப் பாத்தெழுதித் தாங்க. கந்தோருக்கு உங்கட கையெழுத்துத்தான் சரி."

கல்லடியில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் நின்று படித்த கையெழுத்து. முதல் இரண்டு வரிகளை எழுதினேன். மூன்றாவது வரி இது: 'முறைப்பாடு கிடைத்த அன்றே ஆளைக் கட்டிப் பொலிசில் ஒப்படைப்பேன்.' அங்கே என் கை நின்றுவிட்டது.

அவனுடைய அப்பா வயல்வரம்பில் வெட்டுப்பட்டு இறந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. எப்படி இறந்தார் என்பது ஊருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது. அதை நான் ஒரேயொரு மனிதரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதரைத்தான் எழுதுகிறேன்.

ஒல்லியான ஆள். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். செருப்பு வாங்குவார், ஆனால் கையில்தான் கொண்டு திரிவார். குரல் மெல்லியது. அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் கத்திக்கொண்டிருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கிட்டப் போக வேண்டும். என் தாயின் குடி என்பதால் எனக்கு மாமா முறை. பயிருக்குள் இறங்கிய எருமையைக்கூட அவர் ஏசியதில்லை. "வாங்க, வாங்க, மேஞ்சது காணும், பட்டிக்குப் போவம்" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் நடப்பார். பெண்கள் வரம்பில் நின்று விழுந்து விழுந்து சிரிப்போம்.

காத்தான்குடியிலிருந்து துணி மூட்டையோடு ஒரு முஸ்லிம் வியாபாரி தோணியில் வருவார். அண்ணன் என்கிற முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். ஒருமுறை மரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் இடுப்பில் உடுக்கிற சாரம் இரண்டைக் காணவில்லை. நேரே விதானையாரிடம் போனார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இப்பவே ஆளப் பிடிக்கோணும் விதானையார்!"

முடிச்சு நீண்டது.

"நாளைக்கா? என்ன பகிடியா? நான் வாவியக் கடந்து வாற மனிசன். இதக் கொண்டு போய் வீட்ட என்ன சொல்ற?"

"அப்ப இஞ்சயே நில்லுங்க காக்கா. சோறு இரிக்கி, மீன் இரிக்கி, பாயும் இரிக்கி."

"களவு போனது என்ட சாரம், விருந்து உங்கட வீட்டிலயா?"

ஏசி ஏசிக்கொண்டே தங்கினார். விடிந்து பார்த்தால் இரண்டு சாரமும் விதானையாரின் வேலியில் மடித்துப் போட்டபடி கிடந்தன.

"ஆரெண்டு சொல்லுங்க விதானையார், உங்களுக்குத் தெரியும்."

"சாரம் வந்திட்டுதா காக்கா?"

"வந்திட்டு."

"மறுகா என்னத்துக்கு ஆள்?"

அதற்குப் பிறகு அந்த வியாபாரி எங்கள் கரைக்கு எப்போது வந்தாலும் தூரத்திலிருந்தே கூப்பிட்டுக் கேட்பார், "விதானையார், இண்டைக்கா நாளைக்கா?" என்று.

மறுநாள்வரை பொறுக்க முடியாதவர்கள் முடிச்சை அவர் முன்னாலேயே எறிந்துவிட்டுப் போனதும் உண்டு. ஒரு கிழவி தன் மருமகளைப் பற்றிச் சொல்லப் போய் வாங்கிய முடிச்சால் கீரைக்கட்டைக் கட்டி, அந்தக் கீரையை மருமகளிடமே கடையக் கொடுத்தாள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை தெரிவு நடக்கும். மதகடி மருதமரத்தின் கீழ், அந்தப் பகுதிக்கு அரசாங்கத் தலைவரான வன்னியனார் வந்து கதிரையில் இருப்பார். நிற்கிறவர்கள் தங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். பிறகு காணிக்காரர்கள் தாங்கள் விரும்பியவரின் பின்னால் போய் வரிசையாக நிற்க, கிளாக்கர் தலைகளை எண்ணுவார். எங்கள் பக்கத்தில் வயற்காணி பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். ஆனால் வரிசையில் நிற்பது புருஷன். என் காணிக்காக என் கணவர் போனார். குருக்கள்மடத்திலிருந்து என்னைக் கட்டி வந்தவர் அவர். ஊருக்குப் புதியவர். நானும் மற்றப் பெண்களோடு தள்ளி நின்று பார்த்தேன். மகன் அப்போது வயிற்றில்.

எதிராக நின்றவர் பெரிய மாட்டுப்பட்டிக்காரர். குரல் நாலு வயலுக்குக் கேட்கும்.

"கள்ளனுக்கு ஒரு நாள் தவணை குடுத்தா அவன் வாவியக் கடந்து கல்லடிக்கே போயிருவான்! நான் வந்தா, சொன்ன உடனே கட்டு. கேள்வி மறுகா."

கூட்டம் சிரித்தது. வன்னியனார் விதானையாரைப் பார்த்தார். இவர் எழுந்து, செருப்பைக் கதிரைக் காலடியில் வைத்துவிட்டு, தன் மெல்லிய குரலில் பேசினார். எல்லோரும் கிட்டப் போனார்கள்.

"எனக்கு இருவது வயசில அண்ணனோட வரம்புச் சண்டை. கோபத்தில தோணியேறிப் போய்ப் பொலிசில சொல்லிப்போட்டன். பின்னேரம் கோபம் ஆறிட்டு. கிறுகிப் போய், வேணாம் எண்டு சொன்னன். எழுதின பேப்பரக் கிழிக்க ஏலாது எண்டாங்க. அண்ணன் மூணு மாசம் உள்ளுக்க இருந்தார். வெளிய வந்து என்னோட கதைக்காமலே செத்தார். பேப்பரில எழுதினா அவிழ்க்க ஏலாது. முடிச்ச அவிழ்க்கலாம். அதுக்குத்தான் பன்."

அவருக்குப் பின்னால் வரிசை மதகைத் தாண்டிப் போயிற்று. என் கணவர் அதில் நடுவில் நின்றார்.

அதற்கு இரண்டாம் வருடம் மழை பொய்த்தது. குளத்தில் தண்ணீர் குறைந்து, வயல்வயலாக முறை வைத்துத் திறந்துவிட்டார்கள். எங்கள் முறையன்று பக்கத்து வயல்காரர் வரம்பை வெட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டார். கேட்கப் போன என் கணவரை, பிழைக்க வந்தவனுக்கு வாய் எதற்கு என்று ஏசி மண்வெட்டியைக் காட்டினாராம். இவர் அங்கிருந்து நேரே விதானையாரிடம் போனார். நான் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பன் முடிச்சைக் காட்டிச் சிரித்தார்.

"நாளைக்குக் காலம வரட்டாம்."

பின்னேரம் அவர் வயலுக்குப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மண்வெட்டியின் ஒரே வெட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். வெட்டிய மனிதர் ஓடவில்லையாம். வரம்பில் அப்படியே குந்தியிருந்தாராம். விதானையார் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தபோது, மடியிலிருந்து ஒரு பன் துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். நடுவில் முடிச்சு.

"நானும் நாளைக்கு வாறதாத்தானே விதானையார் இருந்தன்."

அன்று காலையில் அவரும் போயிருக்கிறார், என் கணவர் வந்துபோன சற்று நேரத்தில். விதானையார் இருவருக்கும் ஒரே பன்கட்டிலிருந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலையில் இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திக் கேட்கலாம் என்று நினைத்தாராம். அந்த மனிதரைக் கண்டிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. என் கணவரின் மடியில் இருந்த முடிச்சைப் பொலிசார் வருமுன் நான் எடுத்து ஒளித்துவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு விதானையாரின் பையில் பன் இல்லை. யார் எதைச் சொன்னாலும் உடனே கேட்டார். சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடினார். ஆளைக் கட்டினார். அந்த வருடம் எங்கள் துறையிலிருந்து பட்டணத்துக்குப் போன தோணிகளில் பாதி வழக்குத் தோணிகள்தான். முன்பெல்லாம் ஒரு பகலில் ஆறிப்போகிற சண்டைகள் பட்டணத்து நீதிமன்றம்வரை போய் இரண்டு குடும்பத்தையும் நாசமாக்கின. ஊரே அவரைப் பார்த்துக் களைத்துப்போயிற்று. அவரும் களைத்துப்போனார். சட்டைப் பொத்தான் திறந்து கிடக்கும். குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஒருநாள் ஒருத்தி செப்புக்குடத்தைக் காணவில்லை என்று வந்து, வேலைக்கு வந்த ஒருவனின் பெயரைச் சொன்னாள். ஒரு மணித்தியாலத்தில் அவன் கை கட்டப்பட்டுத் தோணியில் ஏறினான். கரையில் நின்ற சனம் முழுவதும் பார்த்தது. மறுநாள் குளத்தில் படர்ந்த சல்வினியாப் பூண்டுக்குள்ளே குடம் கிடந்தது. அவள் தானே விட்டுவிட்டு மறந்திருக்கிறாள். அவனை விட்டார்கள். ஆனால் அவன் ஊருக்கு வரவில்லை. பட்டணத்திலிருந்து அப்படியே எங்கோ போய்விட்டான். விதானையார் அவனுடைய தாயின் படலையடியில் போய் நின்றார். அவள் திறக்கவில்லை. அங்கிருந்து வந்து பள்ளிக்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார்.

"அண்டைக்கு ஒரு நாள் பிந்தினன் பிள்ள. இப்ப ஒரு நாள் முந்தினன். ரெண்டும் என்ட கையால."

நான் பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கணவர் செத்த நாளிலிருந்து நான் அவரோடு பேசியதில்லை. அறுவடைக்கு வந்து என் வயலில் ஆட்களோடு நின்று எல்லாம் செய்து கொடுத்தார். அப்போதும் பேசவில்லை. நான் அவரைத் தண்டிக்கிறேன் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். நினைக்கட்டும் என்று விட்டேன்.

மறுபடி தெரிவு வந்தது. அதே மருதமரம், அதே வன்னியனார், அதே மாட்டுப்பட்டிக்காரர். இந்தமுறை என் காணிக்காக நிற்க யாருமில்லை. கிளாக்கர் காணிப் பெயர்களை வாசித்தபோது என் பெயரைச் சொல்லி நிறுத்தினார்.

"ரீச்சர், உங்கட ஆக்கள் ஆரும் வந்திரிக்காங்களா?"

"நான்தான் வந்திரிக்கன்."

சனம் திரும்பிப் பார்த்தது. பெண் வரிசையில் நிற்பதா என்று யாரோ முனகினார்கள். "காணி அவட. கால் இரிக்கி, நிக்கட்டும்" என்றார் வன்னியனார். சிறைக்குப் போனவரின் மனைவியும் வந்திருந்தாள். அவளுக்கும் நிற்க ஆளில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மாட்டுப்பட்டிக்காரர் முன்பு சொன்னதையே சொன்னார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. விதானையார் முறை வந்தபோது வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். வன்னியனார், "சொல்ல ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார்.

"இரிக்கி ஐயா. பிந்திக் கட்டினது பிழையில்ல. பிந்திக் கேட்டதுதான் பிழை. ரெண்டு பேரும் அண்டைக்குக் காலம என்ட வாசலுக்கு வந்தாங்க. இருத்தி வச்சிக் கேட்டிருக்கோணும். வாயத் திறக்க விடாம அனுப்பிப்போட்டன். இனி ஆர் வந்தாலும் அந்த நேரமே கேப்பன். கட்டுறதெண்டா மட்டும் அடுத்த நாள். இத நான் படிச்சது ரெண்டு குடும்பத்த அழிச்சி. என்ன நம்பி நில்லுங்க எண்டு கேக்க எனக்கு வாயில்ல."

இருந்துவிட்டார்.

ஆட்கள் நடக்கத் தொடங்கினார்கள். சிறைக்குப் போனவரின் மனைவி மாட்டுப்பட்டிக்காரருக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த வரிசை மதகைத் தாண்டியது. விதானையாருக்குப் பின்னால் எட்டுப் பேர். நான் நடந்துபோய் எட்டாவது ஆளுக்குப் பின்னால் நின்றேன். மணல் காலைச் சுட்டது. அவர் எழுந்து வரிசையோரமாக என்னிடம் வந்தார்.

"பிள்ள, நீ அங்கால போ. இதில நீ நிக்கப்படாது. சனம் என்ன கதைக்கும்?"

"நிக்கிறன் மாமா."

கணவர் செத்த பிறகு நான் அவரோடு பேசிய முதல் சொல் அது. அவர் முகம் கோணிற்று.

"என்ட முடிச்சால போன உயிர், மகள்."

அப்போதுதான் சொன்னேன். முன்னால் நின்றவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னேன்.

"அவர் உங்கட முடிச்ச மதிச்சவர் மாமா. வீட்ட இருந்தவர். நாளைக்குப் பாப்பம் எண்டுதான் சொன்னவர். நான்தான், நாளைக்கு வரைக்கும் பயிர் தாங்காது, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்க எண்டு அனுப்பினது. என்ட காணி எண்டு சொன்னன். உங்களுக்கென்ன, காணி என்ட எண்டு சொன்னன்."

மாட்டுப்பட்டிக்காரரின் வரிசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"எப்ப அனுப்பினாய்?"

"பின்னேரம்."

"நான் காலமயே கேட்டிருந்தா உனக்கு அனுப்ப வேண்டி வந்திருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் முகத்தில் வெயில் படுவதைக் கண்டு, தன் இடத்துக்குப் போகாமல், வெயிலுக்கு மறைப்பாக அங்கேயே நின்றார். கிளாக்கர் எண்ணிக்கொண்டு வந்தார். "ஒன்பது" என்று சொல்லி எழுதிக்கொண்டு மற்ற வரிசைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் நான்கு வருடம் உயிரோடு இருந்தார். என் வீட்டுக்கு வந்தால் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்குப் போவார். நான் சொன்னதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் கடைசிவரை அவரைத்தான் குற்றம் சொல்லிற்று. நானும் ஊரைத் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் உண்மை பேச வேண்டும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று பின்னேரம் மகன் வந்து கேட்டான்.

"என்னம்மா, மூண்டாவது வரியில நிப்பாட்டிப் போட்டீங்க? எழுத்து விளங்கல்லையா?"

தையல் பெட்டியின் அடியிலிருந்து முடிச்சை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன். பழுத்துக் கறுத்துப்போன ஒரு சாண் பன். இவ்வளவும் அவன் வருமுன் எழுதி வைத்திருந்தேன்; அதே ஒழுங்கில் அவனிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முடிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பா போகமாட்டன் எண்டா சொன்னவர்?"

"ஓம் மனே."

எழுந்தான். காகிதத்தையும் எடுக்கவில்லை, முடிச்சையும் தொடவில்லை. மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

"எங்க மனே?"

"வயலுக்கு. இண்டைக்கு எங்கட முறை. தண்ணி பாக்கோணும்."

போகாதே என்று சொல்ல வாய் வந்தது. போய்வா என்று சொல்லவும் வந்தது. இரண்டையும் சொல்லாமல் வாசலில் நின்றேன். வரம்புக்கு மேலே அவன் தலை தெரிந்துகொண்டிருக்கிறது.